ஊனோ கருகிடுச்சா? யுஎஸ்பி கேபிளைக் கீழே வைங்க

ரிவ்யூவுக்கு முந்தின நாள் ராத்திரி. அடாப்டரைச் செருகினதும் 'டப்'னு ஒரு சத்தம், கருகல் வாசனை. ஆர்டுயினோ ஊனோ போர்டில் ஆன் எல்இடி எரியவில்லை. அடுத்த நொடி நம்ம கை லேப்டாப் கேபிளைத் தேடும்: "யுஎஸ்பில வேலை செய்யுதான்னு பாப்போம்டா."

அதை மட்டும் பத்து நிமிஷம் தள்ளிப் போடுங்க. செத்தது டீ காசுக்குக் கிடைக்கிற ரெகுலேட்டர் மட்டும்தானா, இல்லை மொத்த போர்டுமா என்பது இன்னும் தெரியாது. 5 வோல்ட் லைன் கிரவுண்டோடு ஷார்ட் ஆகியிருந்தால் லேப்டாப் போர்ட்தான் அந்தச் சுமையைத் தாங்கணும். ஒரிஜினல் ஊனோவில் காப்பாற்ற 500 மில்லி ஆம்பியர் பாலிஃபியூஸ் இருக்கு. நம்ம கையில் இருக்கிற குளோனில் அதை நம்பி லேப்டாப்பைப் பணயம் வைக்க வேண்டாம்.

கரண்ட் போகும் வழியைப் பாருங்க. அடாப்டர் ஜாக்கிலிருந்து ஒரு டயோடு, அதிலிருந்து ரெகுலேட்டர், அதிலிருந்து 5 வோல்ட் லைன், கடைசியில் ஏடிமெகா 328பி சிப். ஒரிஜினலில் ரெகுலேட்டர் என்சிபி 1117, குளோன்களில் பெரும்பாலும் ஏஎம்எஸ் 1117. மூணு காலும் முதுகில் ஒரு அகலமான தகடும் உள்ள சின்னக் கறுப்புப் பொருள். 7805 பழகினவங்க இங்கே ஏமாறுவாங்க: 7805-ல் அந்தத் தகடு கிரவுண்ட். 1117-ல் தகடு அவுட்புட்.

ரெகுலேட்டர் சாகும் விதம்தான் முக்கியம். உள்ளே அறுந்து போனால் 5 வோல்ட் வராது, அவ்வளவுதான், சிப் பிழைச்சிடும். இன்புட்டும் அவுட்புட்டும் ஒட்டிக்கொண்டால் அடாப்டரின் 12 வோல்ட்டும் அப்படியே சிப்புக்குப் போகும். 328பி தாங்கும் உச்சம் 6 வோல்ட்.

இதைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டர் போதும். எல்லா வயரையும் கழற்றுங்க, பவர் எதுவும் வேண்டாம். மீட்டரை ஓம்ஸில் வைத்து 5 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் அளங்க. எண் மெல்ல ஏறிக்கொண்டே போய் நூற்றுக்கணக்கிலோ ஆயிரத்திலோ நின்றால் நல்லது (ஏறுவது கெபாசிட்டர் சார்ஜ் ஆவதால்). ஓரிரு ஓம்ஸில் நின்றால் ஷார்ட். நீளமான 28 கால் சிப் உள்ள போர்டு என்றால் சிப்பை சாக்கெட்டிலிருந்து நெம்பி எடுத்துவிட்டு மறுபடி அளங்க. ஷார்ட் போய்விட்டால் குற்றவாளி சிப். போகவில்லை என்றால் ரெகுலேட்டரையோ கெபாசிட்டரையோ சந்தேகப்படணும். அடுத்து வி-இன் பின்னுக்கும் 5 வோல்ட் பின்னுக்கும் நடுவில் அளங்க. அங்கே பூஜ்யத்தை ஒட்டி வந்தால் நான் சொன்ன இரண்டாவது வகைச் சாவு.

எங்கேயும் ஷார்ட் இல்லையா? இப்போ யுஎஸ்பி போடலாம். ஆன் எல்இடி எரிந்து ப்ளிங்க் ஓடினால் சிப் உயிரோடு இருக்கு. யுஎஸ்பியைக் கழற்றிவிட்டு 9 வோல்ட் அடாப்டரை ஜாக்கில் போட்டு வி-இன்னை அளங்க. 8.3 வோல்ட் மாதிரி வந்து 5 வோல்ட் பின்னில் ஒன்றும் இல்லை என்றால் ரெகுலேட்டர் போச்சு. வி-இன்னிலேயே ஒன்றும் வரவில்லை என்றால் டயோடோ ஜாக்கோதான். ரெகுலேட்டரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

நிறைய பேர் இங்கேயே புதுசு வாங்கி வைத்து, மறுநாள் அதையும் கருக்குவாங்க. ஏன் செத்ததுன்னு கேட்காததுதான் காரணம்.

சூடு ஒரு காரணம். 12 வோல்ட்டை 5 ஆக்க மீதி 7 வோல்ட்டையும் இது வெப்பமாகத்தான் விடும். 5 வோல்ட் பின்னில் ஒரு சின்ன சர்வோவை மாட்டி, அது எங்கேயோ முட்டிக்கொண்டு நின்றால் அரை ஆம்பியரைத் தாண்டி இழுக்கும். ஏழை அரையால் பெருக்குங்க, 3.5 வாட். நகக்கண் அளவுப் பொருளுக்கு, அதுவும் ஆவடி மே மாச வெயிலில், ரொம்ப அதிகம். ஆனால் 1117-க்கு உள்ளேயே சூட்டுப் பாதுகாப்பு உண்டு. கொதித்தால் தானே அணையும், ஆறினால் மறுபடி எழும். 'சர்வோ அசைஞ்சா போர்டு ரீசெட் ஆகுதுடா'ன்னு போன வாரம் புலம்பியிருந்தால் அது முன்னெச்சரிக்கையாக இருந்திருக்கலாம்.

ஒரே அடியில் கொல்வது பெரும்பாலும் அதிக வோல்டேஜ். ஏஎம்எஸ் 1117-க்கு உச்சம் 15 வோல்ட், என்சிபிக்கு 20. பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டரில் 12 என்று எழுதியிருப்பது முழு லோடில் தருவது. 12 வோல்ட் ஏசியின் உச்சி 17 கிட்ட வரும். பிரிட்ஜ் டயோடுகளில் 1.4 போனாலும் லோடு இல்லாதபோது 15.5-க்கு மேல் நிற்கும். குளோன் போர்டுக்கு அது போதும். செருகும் முன் அடாப்டரை ஒருமுறை அளந்து பாருங்க, அரை நிமிஷ வேலை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இன்ப்ளாண்ட் ட்ரெயினிங் போறவங்களுக்குத் தனியாக ஒன்று. கன்ட்ரோல் பேனல் உள்ளே டிசி சப்ளை பெரும்பாலும் 24 வோல்ட். 'டிசிதானே'ன்னு அங்கிருந்து வயர் இழுத்து ஊனோவுக்குக் கொடுத்தால் ஒரிஜினலும் தாங்காது. வி-இன் பின்னில் நேராகக் கொடுத்தால் டயோடு வழியில் வராது. பிளஸ் மைனஸ் மாறினால் தடுக்க ஆளில்லை.

மாற்றும் வேலை. சென்ட்ரல் போகும் லோக்கல் ட்ரெயின், பிறகு ரிச்சி ஸ்ட்ரீட். '1117' என்று மட்டும் கேட்காதீங்க. நோட்எம்சியு போர்டுகளுக்குப் போகும் 3.3 வோல்ட் வகையும் இதே உருவம்தான். மேலே 5.0 என்று அச்சிட்டிருக்கான்னு பார்த்து வாங்குங்க. கழற்ற முதலில் மூணு காலையும் சின்ன கட்டரால் நறுக்குங்க. பிறகு தகட்டில் புது ஈயம் ஏற்றி, 60 வாட் அயர்னால் சூடாக்கித் தள்ளுங்க. 25 வாட் அயர்ன் வேண்டாம், கீழே இருக்கிற காப்பர் சூட்டை உறிஞ்சிடும். ஈயம் உருகும் முன் நெம்பினால் ட்ராக்கே பிய்ந்து வரும். அதோடு போர்டு முடிஞ்சது.

நேரமே இல்லையா? செத்ததைக் கழற்றிவிட்டு, எல்எம் 2596 பக் மாட்யூலைத் தனியாக 5 வோல்ட்டுக்குத் திருகி வைத்து, மீட்டரில் பார்த்த பிறகு 5 வோல்ட் பின்னில் கொடுங்க. அப்போது யுஎஸ்பி கூடவே வேண்டாம். ரிவ்யூ இதிலேயே ஓடிடும்.

புது ரெகுலேட்டர் வைத்தால் சிப்பை சாக்கெட்டில் போடாமலே 9 வோல்ட் கொடுத்து 5 வோல்ட் பின்னை அளங்க. 4.9-க்கும் 5.1-க்கும் நடுவில் நின்றால் பவரை எடுத்துவிட்டு சிப்பைச் செருகுங்க. பள்ளம் உள்ள பக்கம் சரியா இருக்கான்னு ஒருமுறை பார்த்துட்டு.