பில்ஸென் நகரத்து நிலவறைகள்

உலகத்தில் யாத்திரிகர்கள் நாடிச் செல்லும் ஊர்களிற் பெரும்பாலானவை கோவிலாலோ கோட்டையாலோ கடற்கரையாலோ பெயர் பெற்றவை. கொப்பரையாலும் பீப்பாயாலும் கீர்த்தியடைந்து, அவற்றைக் காண்பதற்கென்றே தேசாந்தரங்களிலிருந்து ஜனங்களை வரவழைக்கும் ஊர்கள் மிகச் சில. அவற்றுள் தலையாயது, செக் குடியரசின் மேற்குப் பாகத்தில், பொஹீமியா என்ற பழம்பெயர் கொண்ட பிரதேசத்தில் இருக்கும் பில்ஸென் நகரம். தலைநகரான பிராகிலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இவ்வூருக்குக் காலையில் ரயிலேறினால் ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். வழிகாட்டி ஒருவரோடு கூட்டமாக அழைத்துச் சென்று மாலையில் திரும்பக் கொண்டுவந்து விடுகிற ஏற்பாடுகளும் பிராகில் உண்டு. பியர் குடிப்பவர்களுக்கு மட்டுமே உரிய இடம் என்று நினைத்து மற்றவர்கள் ஒதுங்கிவிட வேண்டியதில்லை. தானியம், நீர், நெருப்பு, குளிர் ஆகிய நான்கையும் மனிதன் எவ்வாறு ஒன்றோடொன்று இணக்கி வேலை வாங்கினான் என்பதைக் கண்ணாற் காண விரும்புகிறவருக்கு, ஒரு துளியும் நாவிற் படாமலே இந்த ஊர் போதிய விருந்தளிக்கும்.

நகரத்தின் நடுவே பெரிய சதுக்கமும், அதன் மத்தியில் நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்த கோபுரத்தையுடைய புனித பர்த்தலோமியோ ஆலயமும் இருக்கின்றன. செக் நாட்டின் மாதா கோவில் கோபுரங்களில் இதைவிட உயர்ந்தது இல்லை. ஐரோப்பாவின் மிகப் பெரிய யூத ஆலயங்களில் ஒன்றும், ஸ்கோடா இயந்திரத் தொழிற்சாலையும் இவ்வூரைச் சேர்ந்தவையே. வழிகாட்டிகள் இவற்றையெல்லாம் விரைவாகக் காட்டிவிட்டு, பியர் ஆலையை நோக்கியே கூட்டத்தை நடத்துகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இரண்டாம் வென்செஸ்லாஸ் என்னும் அரசன் 1295-ஆம் ஆண்டு இந்நகரை நிறுவியபோது, இங்கே வீடு கட்டிக் குடியேறியவர்களுக்குத் தத்தம் வீட்டிலேயே பியர் தயாரித்து விற்கும் பாத்தியதையையும் அளித்தான். அவ்வுரிமை பெற்ற குடும்பத் தலைவர்கள் 260 பேர் என்று நகரத்தார் கணக்குச் சொல்வார்கள். உரிமை மனிதனுக்கன்றி வீட்டுக்கே உரியதாக இருந்தமையால், வீடு கைமாறும்போது உரிமையும் கூடவே கைமாறிற்று. தலைமுறை தலைமுறையாக ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்தபடி காய்ச்சி வந்தனர். காலப்போக்கில் சரக்கின் தரம் தாழ்ந்தது. வெதுவெதுப்பில், மேலே நுரைத்துப் பொங்கும் ஈஸ்ட்டைக் கொண்டு தயாரித்த பழைய வகைப் பியர் எளிதிற் கெட்டுப் புளித்துப் போவது. அதிலும் சுத்தம் குறைந்த பாத்திரங்களில் தயாரித்ததைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. 1838-ஆம் ஆண்டு, குடிக்கத் தகாதென்று தீர்ப்பாகிய 36 பீப்பாய் பியரை, நகர மண்டபத்துக்கு எதிரே, ஊரார் பார்க்கத் தெருவிற் கொட்டிவிட்டார்கள்.

இந்த அவமானத்திலிருந்துதான் பில்ஸெனின் புகழ் பிறந்தது. தனித்தனியே காய்ச்சிக் கெடுப்பதை விட்டு, உரிமை பெற்ற வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒன்றுகூடிப் பொது முதலில் ஓர் ஆலை கட்டுவதென்று 1839-இல் தீர்மானித்தனர். மார்ட்டின் ஸ்டெல்ட்ஸர் என்ற கட்டடச் சிற்பி அதைக் கட்டினார். ராட்புஸா நதிக்கரையில், மணற்பாறையைக் குடைந்து நிலவறைகள் அமைக்க வசதியான இடமாகப் பார்த்துத் தேர்ந்துகொண்டார்கள். கீழே தங்கிப் புளிக்கும் ஈஸ்ட்டைக் கொண்டு குளிரில் பியர் தயாரிக்கும் பவேரிய முறை அப்போது பிரசித்தி பெற்று வந்ததால், ஃபில்ஸ்ஹோஃபன் என்ற பவேரிய ஊரைச் சேர்ந்த யோசெஃப் குரோல் என்பவரை, இருபத்தொன்பது வயதினரான அவரை, தலைமைத் தொழிலாளியாக அமர்த்தினார்கள். 1842-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி குரோல் முதற் கொப்பரையை ஏற்றினார். நவம்பர் 11-ஆம் தேதி, புனித மார்ட்டின் திருநாளன்று, ஊரார் முதற் கிண்ணத்தைப் பருகினர். அதுவரை பெரும்பாலும் கறுத்தும் கலங்கியும் இருந்த பானத்துக்குப் பழகிய கண்களுக்கு முன், ஊடுருவிப் பார்க்கத்தக்க தெளிவும் பொன் நிறமும் வெண்ணுரையும் கொண்ட ஒன்று வந்து நின்றது.

அந்நிறம் எங்கிருந்து வந்தது? வாற்கோதுமையாகிய பார்லியிலுள்ள மாவுச்சத்தை ஈஸ்ட் உண்ணாது. அது சர்க்கரையானால்தான் உண்ணும். ஆகையால் தானியத்தை ஊறவைத்து முளைக்கவிடுகிறார்கள். நம் வீடுகளில் குழந்தைக்கென்று கேழ்வரகை முளைகட்டிக் காய்ச்சும் கஞ்சி, முளைகட்டாத மாவின் கஞ்சியைவிட நீர்த்தும் இனித்தும் இருப்பதற்கு எது காரணமோ, அதுவே இங்கும் காரணம்: இளஞ்செடிக்கு உணவாக்கும் பொருட்டு விதையானது மாவுச்சத்தை உடைக்கும் நொதிகளைத் தன்னுள்ளே உண்டாக்கிக்கொள்கிறது. சில நாள் முளைத்தபின், நொதிகள் அழியாமலும் முளை மேலே வளராமலும் இருக்கத்தக்க அளவான உஷ்ணத்தில் அதை உலர்த்த வேண்டும். இதற்குத்தான் மால்ட் என்று பெயர். முற்காலத்தில் விறகு நெருப்பின் மீதே உலர்த்தியதால் தானியம் கருகியும் புகை நாற்றம் ஏறியும் போயிற்று. நெருப்பைத் தனியே வைத்து, புகை கலவாத சூடான காற்றை மட்டும் தானியத்தினூடே செலுத்தும் சூளையை ஆங்கிலேயர் கையாண்டு வந்தனர். அம்மாதிரிச் சூளை ஒன்றைப் பில்ஸெனிலும் கட்டினார்கள். வெளிர் மால்ட்டும் அதனால் பொன்னிறப் பியரும் அதிலிருந்து கிடைத்தன.

ஆங்கிலேயரின் வித்தை ஐரோப்பாக் கண்டத்துக்கு வந்தது முற்றிலும் நேர்வழியாக என்று சொல்வதற்கில்லை. மூனிக்கின் காப்ரியல் ஸெடில்மாயரும் வியன்னாவின் ஆண்டன் டிரேஹரும் 1833-இல் பிரிட்டிஷ் ஆலைகளைச் சுற்றிப் பார்க்கச் சென்றபோது, உள்ளே பொள்ளலான கைத்தடியைத் தொட்டியில் தோய்த்துச் சாற்றைத் திருடி வந்து, விடுதி அறையில் அளந்து பார்த்தார்கள். இன்று ஆலைக்குள் காட்டப்படும் பளபளப்பான கருவிகளைப் பார்க்கும்போது, இந்தத் தொழிலின் பூர்வோத்தரத்தில் இப்படியொரு கைத்தடியும் உண்டு என்பது நினைவில் இருந்தால் சுவாரஸ்யம் கூடும்.

ஆலையில் யாத்திரிகர்களை முதலில் வியக்க வைப்பவை, கூரையைத் தொடுவன போன்ற குவிந்த கழுத்தையுடைய செப்புக் கொப்பரைகள். இடித்த மால்ட்டை வெந்நீரில் கரைத்த ஊறல் இவற்றில்தான் பக்குவமாகிறது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் பல; ஒவ்வொன்றும் தனக்கேற்ற உஷ்ணத்திலேயே சுறுசுறுப்பாக வேலை செய்யும். ஒன்றுக்கு 63 பாகை உகந்தது, இன்னொன்றுக்கு 72 பாகைக்கு மேல் வேண்டும். உஷ்ணமானி இல்லாத காலத்தில் இந்தப் படிகளை எவ்வாறு தவறாமல் ஏறுவது? பழந்தொழிலாளர் கண்ட உபாயம் மெச்சத்தக்கது. நீர் கொதிக்கும் உஷ்ணம் எப்போதும் ஒன்றே என்பதால், ஊறலில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கை வேறு கொப்பரைக்கு மாற்றிக் கொதிக்கவிட்டு, மீண்டும் பழைய ஊறலோடு கலந்தால், மொத்தமும் தேவையான படிக்கு உயர்ந்துவிடும். கையில் அளவுபாத்திரம் இருந்தால் போதும், உஷ்ணமானி வேண்டியதில்லை. இப்படி மூன்று தடவை எடுத்துக் கொதிக்கவைத்துக் கலப்பது பில்ஸென் முறை. உஷ்ணமானி வந்து நெடுங்காலமாகியும், எரிபொருளும் நேரமும் மிகுதியாகச் செலவழியும் இம்முறையை அவ்வாலையார் கைவிடவில்லை. அடியில் நேரே தீ எரியும் செப்புக் கொப்பரையில் கொதிக்கும்போது ஊறல் சிறிது வறுபட்டு உண்டாகும் ருசி வேறெவ்வகையாலும் வாராது என்பது அவர்கள் கொள்கை. இதில் ஓரளவு வைதிகமும் கலந்திருக்கலாம். ஆயினும் ருசி விஷயத்தில் வைதிகர்களை வாதத்தால் வெல்வது கஷ்டம்.

வடித்தெடுத்த இனிப்புச் சாற்றோடு ஹாப்ஸ் என்னும் கொடியின் பூங்குலைகளைச் சேர்த்துக் கொதிக்கவைப்பது அடுத்த காரியம். பில்ஸெனுக்கு வடக்கே ஜாட்டெட்ஸ் என்ற ஊரைச் சுற்றியுள்ள வயல்களில், உயரமான கம்பங்களுக்கிடையே கட்டிய கம்பிகளைப் பற்றி ஏறும் இந்தக் கொடியைப் பல நூற்றாண்டுகளாகப் பயிரிட்டு வருகிறார்கள். அந்த நிலப்பரப்பு 2023-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம் பெற்றது. பெண் கொடியின் குலையில் மகரந்தம் போலத் தோன்றும் மஞ்சள் பொடியிலுள்ள பிசின், கொதியில் உருமாறிக் கசப்பாகிறது. அக்கசப்பு இனிப்பைச் சமன் செய்வதோடு, பல வகைக் கிருமிகளையும் தடுத்துப் பானத்தைக் காக்கிறது.

ஆனால் இக்கதையின் உண்மையான நாயகன் என்று எனக்குத் தோன்றுவது குரோலும் அல்லர், ஹாப்ஸும் அன்று, பில்ஸெனின் தண்ணீர். அவ்வூர்க் கிணற்று நீரில் கரைந்துள்ள உப்புகள் மிகமிகச் சொற்பம். கார்பனேட்டுகள் நிறைந்த கடின நீரில் ஊறல் போட்டால் அதன் அமிலத்தன்மை குறைந்து, தானியத்தின் உமியிலிருந்து துவர்ப்பு இறங்கிவிடும். ஹாப்ஸின் கசப்பும் முரடாகத் தட்டுப்படும். வறுத்த கரிய மால்ட்டுக்கு இயற்கையிலேயே அமிலத்தன்மை இருப்பதால் அந்தக் குறையை ஒருவாறு ஈடு செய்யும். டப்ளினும் மூனிக்கும் கரும்பியருக்குப் பெயர் பெற்றதற்கு அங்குள்ள நீரே காரணம் என்று ரசாயனம் அறிந்தவர்கள் சொல்வது இதனால்தான். வெளிர் மால்ட்டையும் நிறைந்த ஹாப்ஸையும் துவர்ப்பின்றி ஏற்றுக்கொள்ளும் மென்னீர் பில்ஸெனின் பூமிக்கடியில் ஆதிமுதல் இருந்து வந்தது. குரோல் அதே வித்தையைத் தம் சொந்த ஊரில் செய்திருந்தால் இந்தப் பயன் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. அவருடைய ஒப்பந்தத்தை 1845-இல் ஆலையார் புதுப்பிக்கவில்லை. அவர் ஃபில்ஸ்ஹோஃபனுக்கே திரும்பிவிட்டார். பில்ஸென் பியரோ அவரில்லாமலும் அதே ருசியோடு தொடர்ந்து வந்தது.

சாறு குளிர்ந்தபின் ஈஸ்ட்டின் முறை. பவேரிய ஈஸ்ட், மற்ற ஈஸ்ட்டுகள் உறங்கிப்போகும் குளிரிலும், பத்துப் பாகைக்கும் கீழே, நிதானமாக வேலை செய்து தொட்டியின் அடியிற் படியும் இயல்புடையது. இது இரண்டு இனங்கள் கலந்து பிறந்த சங்கர ஜாதி என்பதும், ரொட்டிக்கு உதவும் ஈஸ்ட் அதன் ஒரு பெற்றோர் என்பதும் தெரிந்திருந்தும், குளிர் தாங்கும் குணத்தைக் கொடுத்த மறு பெற்றோர் யாரென்று நெடுங்காலம் தெரியாதிருந்தது. 2011-இல் தென் அமெரிக்காவின் படகோனியாக் காட்டு மரங்களில் அதைக் கண்டுபிடித்தனர். அது ஐரோப்பாவை வந்தடைந்த வழியைப் பற்றி அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள்.

இந்தக் குளிருக்காகவே நிலவறைகள். ஆலைக்கு அடியில் ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர் நீளத்துக்கு, கிளைத்தும் குறுக்கிட்டும் ஓடும் சுரங்கங்களைக் கைக்கருவிகளால் குடைந்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் வெட்டியெடுத்த பனிக்கட்டிப் பாளங்களை இங்கே குவித்து, கோடையிலும் குளிர் குறையாமல் காத்தனர்; யந்திரக் குளிரூட்டல் 1870-களில் கார்ல் லிண்டே என்னும் ஜெர்மானியரின் முயற்சியால் பியர் ஆலைகளுக்கு வரும்வரை வேறு வழியில்லை. பிரதானமான புளிப்பு முடிந்ததும் பியரைப் பெரிய ஓக் மரப் பீப்பாய்களில் நிரப்பி வாரக்கணக்கில் கிடத்துவார்கள். கசடு படிந்து, கரியமில வாயு உள்ளேயே கரைந்து, பச்சை வாடை நீங்கிப் பானம் தெளிவது அப்போதுதான். மரத்தின் வாசனை ஏறாதபடி பீப்பாயின் உட்புறம் மரக்கீல் பூசப்பட்டிருக்கும்.

1990-களில் இந்த வேலையை எஃகு உருளைகளுக்கு மாற்றிவிட்டார்கள். மாற்றினாலும் பழையதை முற்றும் துறக்காமல், சிறிதளவு பியரை இன்றும் மரத்தொட்டியிலும் மரப்பீப்பாயிலும் தயாரித்து, எஃகில் விளைந்ததன் ருசி அதனோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்து வருகிறார்கள். பீப்பாய்களைச் செப்பனிடவும் கீல் பூசவும் தச்சர்களை வைத்துக் காப்பாற்றுகிறார்கள். கடைசியில் வழிகாட்டி யாத்திரிகர்களை அழைத்துச் சென்று நிறுத்துவது இந்தப் பீப்பாய்களின் முன்னேதான். வடிகட்டாமலும் சூடேற்றாமலும், பீப்பாயின் குழாயிலிருந்து நேரே ஒரு கிண்ணம் தருகிறார்கள். சிறிது கலங்கலாக இருக்கும்.

பில்ஸெனிலிருந்து பிராகுக்கு இப்பியர் போன விதம் விநோதமானது. 1843-இல் யாகுப் பிங்காஸ் என்னும் பிராகுத் தையற்காரர், வண்டிக்கார நண்பர் கொண்டுவந்து கொடுத்த பில்ஸென் பியரில் மயங்கி, ஊசியை வைத்துவிட்டு மதுக்கடை திறந்துவிட்டார் என்பர். அக்கடை இன்றும் அவர் பெயராலேயே நடக்கிறது. ரயில் வந்தபின் பில்ஸென் சரக்கு ஐரோப்பா முழுவதும் பரவ, அதைப் பார்த்துப் பிற நாட்டார் செய்த போலிகளும் பெருகின. 1898-இல் ஆலையார் ‘பில்ஸ்னர் உர்க்வெல்’ என்ற பெயரைப் பதிவு செய்துகொண்டனர். அதற்குள் காலம் கடந்துவிட்டது. இன்று உலகில் தயாராகும் பியரிற் பெரும்பகுதி வெளிர் நிறமுடைய, குளிரில் புளித்த இவ்வகையின் சந்ததியே. ஆலையை 2017-இல் ஜப்பானின் அஸாஹி நிறுவனம் வாங்கிக்கொண்டது.

போக விரும்புவோர்க்கு ஒரு வார்த்தை. 1892-இல் கட்டிய இரட்டை வளைவு வாயிலைக் கடந்து உள்ளே நுழைந்தால், ஆலையை வழிகாட்டியோடுதான் பார்க்க முடியும். ஆங்கிலத்தில் விளக்கும் குழுக்கள் குறித்த வேளைகளில் மட்டுமே புறப்படுவதால், முன்கூட்டியே இடம் பதிவு செய்துகொள்வது நலம். நேரமிருந்தால் பழைய ஊருக்குள், பியர் உரிமை பெற்ற வீடொன்றில் அமைந்துள்ள கண்காட்சிச்சாலையையும் பார்த்துவிடுங்கள். குடிப்பழக்கம் இல்லாதவர்கள் கிண்ணம் நீட்டப்படும்போது புன்னகையோடு மறுத்துவிடலாம். யாரும் வற்புறுத்த மாட்டார்கள். வெளியே ஆடி மாதத்து வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் கையில் ஒரு கம்பளிச் சட்டையை எடுத்துக்கொண்டு போங்கள்.