கல்லூரிச் சேர்க்கை: பள்ளி மதிப்பெண்ணா, நுழைவுத் தேர்வா?

மே முதல் நாள் நடைபெற்ற கிராம சபைக் கூட்டம் ஒன்றில், குடிநீர், சாலை முதலிய பொருள்கள் முடிவுற்ற பின்னர், குடியானவர் ஒருவர் எழுந்தார். "என் பெண் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதியிருக்கிறாள். விவசாயப் பட்டம் படிக்க வேண்டும் என்கிறாள். அதற்கு நுழைவுத் தேர்வுப் பயிற்சி வேண்டும் என்று சொன்னார்கள். அரை ஏக்கரை ஒத்திக்கு வைத்துப் பணம் கட்டிவிட்டேன். சரிதானா, ஐயா?" என்று வினவினார். சரியன்று என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. சொல்லாமல் இருக்கவும் இயலவில்லை. தமிழ்நாட்டு வேளாண்மைக் கல்லூரிகளில் மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே நிரப்பப்படுகின்றன. அப்பெண்ணோ பயிற்சி வகுப்பிற்குப் போய் வந்த அலைச்சலில் பள்ளிப் பாடங்களில் பின்தங்கிப் போயிருந்தாள். கதவு ஒன்றிருக்க, மற்றொரு கதவின் சாவிக்குப் பணம் கொடுத்துவிட்டார் அவர்.

இத்தகைய தவறு பல இல்லங்களில் நேர்கின்றது. ஆதலின் இவ்விரண்டு முறைகளையும் பற்றி ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

பள்ளி மதிப்பெண் என்பது ஒரு மாணவன் தன் ஊர்ப் பள்ளியில் கற்ற பாடத்திலிருந்தே வினாக்கள் கேட்டு அளப்பதாகும். இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டம் ஒன்று, மத்தியப் பாடத்திட்டம் மற்றொன்று, வேறு சிலவும் உள. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு மரக்கால் வைத்திருக்கின்றது. ஒருவர் மரக்காலில் அளந்த நெல்லையும் மற்றவர் மரக்காலில் அளந்த நெல்லையும் எவ்வாறு ஒப்பிடுவது? எல்லோருக்கும் ஒரே வினாத்தாள் தந்துவிட்டால் வழக்குத் தீர்ந்தது என்பதே நுழைவுத் தேர்வை வேண்டுவோரின் வாதம். இது புறக்கணிக்கத் தக்க வாதமன்று.

நம் மாநிலத்தில் பொறியியல், மருத்துவம் முதலிய தொழிற்கல்விக்கு 1984ஆம் ஆண்டில் நுழைவுத் தேர்வு கொண்டுவரப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் 200க்கும், நுழைவுத் தேர்வு 100க்கும் கணக்கிடப்பட்டு, மொத்தம் 300இல் தரவரிசை வகுக்கப்பட்டது. ஏட்டளவில் இஃது இரண்டு முறைகளையும் இணைத்த நல்ல ஏற்பாடே. நடைமுறையில் பள்ளித் தேர்வு முடிந்த மறுநாளே நகரத்துப் பிள்ளைகள் பயிற்சி நிலையங்களுக்குச் சென்றார்கள். கிராமத்துப் பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள், அல்லது அறுவடைக்குச் சென்றார்கள். பள்ளி மதிப்பெண்ணில் இணையாக நின்ற இருவர், பயிற்சி பெற்றவர் பெறாதவர் எனப் பிரிந்தனர். பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான வல்லுநர் குழு 2006ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து, நுழைவுத் தேர்வு வேண்டுவதில்லை என்று பரிந்துரைத்தது. அதன்மேல் இயற்றப்பட்ட சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்று, 2007–08ஆம் கல்வியாண்டு முதல் நடைமுறைக்கு வந்தது.

மரக்கால் பிரச்சினைக்கு அச்சட்டம் ஒரு வழி கூறுகின்றது. ஒவ்வொரு பாடத்திட்டத்திலும் அவ்வாண்டு பெறப்பட்ட உச்ச மதிப்பெண்களைச் சமமாகக் கொள்வதே அவ்வழி. ஓர் எடுத்துக்காட்டுச் சொல்வோம். இயற்பியலில் மாநிலப் பாடத்திட்டத்தின் உச்சம் 100. வேறொரு பாடத்திட்டத்தின் உச்சம் 90. அந்த 90ஐ 100 எனக் கொண்டால், அதில் 60 பெற்ற மாணவனுக்கு 66.66 எனக் கணக்காகும். முற்றிலும் குறையற்ற கணக்கு என்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும் ஏழைக்குச் செலவு வைக்காத கணக்கு.

பள்ளி மதிப்பெண் மட்டும் பணத்திற்கு வளையாதது என்று எண்ணிவிடலாகாது. பதினோராம் வகுப்புப் பாடங்களை ஒதுக்கிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களையே இரண்டாண்டு உருப்போட வைத்து, முழு மதிப்பெண் வாங்கித் தந்த விடுதிப் பள்ளிகள் இம்மாநிலத்தில் இருந்தன. அவற்றின் கட்டணம் ஒரு சிறு விவசாயியின் ஆண்டு வருமானத்தை மிஞ்சிற்று. அவ்வாறு இடம் பெற்றவர் சிலர் கல்லூரி முதலாண்டிலேயே கணிதத்தில் திணறியதும் உண்டு. இதனைத் தடுக்கவே 2017–18இல் பதினோராம் வகுப்பிற்கும் பொதுத்தேர்வு வைக்கப்பட்டது. பின்னர் மாநிலக் கல்விக் கொள்கையின்படி 2025இல் அது கைவிடப்பட்டது.

மருத்துவப் படிப்பின் நிலை வேறாகும். அதற்கு 2017ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதற்குமான நீட் தேர்வே அளவுகோல். வினாக்கள் 180, மதிப்பெண் 720. சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிக்கப்படும். பன்னிரண்டாம் வகுப்பில் குறைந்தபட்ச மதிப்பெண் பெற்றிருத்தல் வேண்டும்; அதற்குமேல் எத்தனை பெற்றாலும் தரவரிசையில் சேராது. நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு 2021இல் அளித்த அறிக்கையில், இத்தேர்வு வந்தபின் தமிழ்வழி பயின்றோரும் கிராமப்புறத்தாரும் மருத்துவக் கல்லூரிகளில் குறைந்தனர் என்றும், இரண்டாம் மூன்றாம் முறை எழுதி இடம் பெறுவோர் பெருகினர் என்றும் கூறப்பட்டது. ஓராண்டு வீட்டிலிருந்து மீண்டும் எழுதுவதற்கு யாரால் இயலும் என்பதை நாம் விளக்க வேண்டுவதில்லை. விலக்குக் கோரிச் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டமுன்வடிவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. ஆகவே தேர்வு இருக்கின்றது. பிள்ளைகள் அதற்கு ஆயத்தமாகத்தான் வேண்டும்.

இவ்வழக்கு நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1926 முதல் சாட் என்னும் பொதுத்தேர்வு நடைபெறுகின்றது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 2020இல் அதனைக் கைவிட முடிவு செய்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமோ 2020இல் நிறுத்தி, 2022இல் திரும்பக் கொண்டுவந்தது. உயர்நிலைப் பாடங்கள் இல்லாத எளிய பள்ளிகளில் பயின்ற திறமையுள்ள பிள்ளைகளைக் கண்டறிய அத்தேர்வு உதவுகின்றது என்று காரணமும் கூறிற்று. டெக்சாஸ் மாநிலம் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டது. ஒவ்வொரு பள்ளியிலும் முதல் பத்து சதவீதத்தில் வரும் மாணவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் உண்டு என்று 1997இல் சட்டம் செய்தது. பிள்ளையைத் தன் ஊர்ப் பள்ளியில் பயில்வோருடனேயே ஒப்பிடுவது இம்முறை. ஆஸ்டின் நகரப் பல்கலைக்கழகத்தில் இவ்வழி வருவோர் மிகுதியானமையால் 2009இல் அதற்கு வரம்பும் விதிக்க நேர்ந்தது.

நம் மாநிலத்தில் 2020ஆம் ஆண்டில் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் ஏறக்குறைய இக்கருத்தை ஒட்டியதே. அரசுப் பள்ளி மாணவர்கள் மருத்துவ இடங்களுக்குத் தமக்குள்ளேயே போட்டியிடுகின்றனர். 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றிற்கும் இது விரிவாக்கப்பட்டது. ஊராட்சி மன்றத்தார் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. இச்சலுகை பெற ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றிருத்தல் வேண்டும். நமது ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியும் இக்கணக்கில் அடங்கும். அரசு உதவி பெறும் பள்ளிகள் அடங்கா. கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் இலவசமாகப் பயின்று, ஒன்பது முதல் அரசுப் பள்ளிக்கு வந்தோருக்கும் உரிமை உண்டு. மற்றபடி, ஒன்பதாம் வகுப்பிற்கு மட்டும் கடன் வாங்கிப் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றிப் பின் திரும்ப அழைத்து வருவோர் அந்த ஓராண்டினால் இவ்வுரிமையை இழப்பர். இதனை அறியாமல் இழந்த குடும்பங்களை நாமே கண்டிருக்கிறோம்.

எந்தப் படிப்பிற்கு எந்த அளவுகோல் என்பதை இனிக் கூறுவோம். பொறியியலுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என மொத்தம் 200. வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், மாநிலச் சட்டக் கல்லூரிகள் ஆகியவற்றின் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே. ஐ.ஐ.டி., தேசியத் தொழில்நுட்பக் கழகம், தேசியச் சட்டப் பல்கலைக்கழகம், மருத்துவம் முதலியவற்றிற்குத் தனித் தேர்வு. ஐ.ஐ.டி.க்கும் பன்னிரண்டாம் வகுப்பில் 75 சதவீதமோ, தம் பாடத்திட்டத்தில் முதல் 20 சதவீதத்தில் இடமோ வேண்டுமாதலின் (பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர் முதலியோருக்கு 65 சதவீதம்), பள்ளிப் பாடத்தைப் புறக்கணித்து அங்கும் செல்லவியலாது. மருத்துவம் விரும்பும் பிள்ளைக்குப் பயிற்சி வேண்டும் எனில், அரசுப் பள்ளிகளில் கட்டணமின்றி அளிக்கப்படும் வகுப்பைத் தலைமையாசிரியரிடம் முதலில் விசாரித்தல் நலம். பிற படிப்பிற்குச் செல்லும் பிள்ளைக்கு நிலத்தை ஒத்தி வைக்க எவ்விதக் காரணமும் இல்லை.

விண்ணப்பம் யாவும் இணையவழியே. தேர்வு முடிவு வந்த பின்னர்ச் சில வாரங்களே காலம். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, குடும்பத்தில் முதல் பட்டதாரியாயின் அதற்குரிய சான்று ஆகியவற்றை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே பெற்று வைத்தல் வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை பயின்றமைக்கான சான்றைத் தலைமையாசிரியர் தருவார். இரண்டு பள்ளிகளில் பயின்றிருப்பின் இரண்டிடத்தும் பெற வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புப் பயிலும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை ஜனவரி மாதத்திலேயே ஊராட்சி அலுவலகத்தில் எழுதி, எவருக்கு எச்சான்று இல்லை என்று குறித்து வைக்கலாம். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கின்றது என்பதை அப்பட்டியலின் கீழே எழுதி ஒட்டலாம்.