பேட்டரி லாரி திண்டிவனம் தாண்டுமா?

லோடோடு சேர்த்து 55 டன். டேங்கில் சொட்டு டீசல் கிடையாது. சென்னையில் கிளம்பினால் இந்த லாரி எதுவரை போகும்? செங்கல்பட்டு? மேல்மருவத்தூர்? அங்கேயே மூச்சு வாங்கி நின்றுவிடும் என்றுதானே நினைக்கிறீர்கள்?

டாடாவின் பிரைமா இ.55எஸ் ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் 350 கிலோமீட்டர் வரை ஓடும் என்கிறது நிறுவனம்! திண்டிவனம் தாண்டி, விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி, விழுப்புரமும் தாண்டி, கணக்குப்படி திருச்சியையே தொட்டுவிடலாம்! கணக்குப்படிதான். முழு லோடு, மே மாத வெயில், ஏசி எல்லாம் சேர்ந்தால் இந்த எண் இறங்கும். இறங்கட்டுமே! சென்னை–விழுப்புரம் 160 சொச்சம் கிலோமீட்டர்தானே!

★

மின்சாரத்தில் சரக்கு இழுப்பது விழுப்புரத்துக்குப் புதுசா என்ன? 1960களிலேயே பார்த்துவிட்ட ஊர் அது! சென்னை கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் பாதைக்கு மின்சாரம் வந்தது 1931ல். பிறகு அதை விழுப்புரம் வரை நீட்டினார்கள், தலைக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி! இதற்காகவே ஜப்பானிலிருந்து வந்தவை 20 இன்ஜின்கள். 'ஒய்ஏஎம்-1' என்று பெயர். இந்தியாவில் வேறெங்குமே மீட்டர் கேஜில் மின்சார ரயில் ஓடவில்லை தெரியுமா? நம் பாதையில் மட்டும்தான்!

வேடிக்கை எங்கே என்றால், கம்பி விழுப்புரத்தோடு முடிந்துவிட்டது! தெற்கே போகும் வண்டிக்கெல்லாம் அங்கே மின்சார இன்ஜினைக் கழற்றிவிட்டு, நீராவி இன்ஜினையோ டீசல் இன்ஜினையோ மாட்டி அனுப்பினார்கள். கம்பி திருச்சி வரை போய்ச் சேர இன்னும் 40 ஆண்டுகளுக்கு மேல் ஆனது! லாரிக்கும் இப்போது கிட்டத்தட்ட அதே நிலைமை. விழுப்புரம் வரை போவதில் சிக்கலே இல்லை. அதற்கு அப்புறம்தான் கேள்வி!

★

400 லிட்டர் டீசல் எவ்வளவு எடை? சுமார் 330 கிலோ. அதில் அடங்கியிருக்கும் ஆற்றல் எவ்வளவு? ஏறக்குறைய 4,000 யூனிட் மின்சாரம்! அதே 4,000 யூனிட்டைப் பேட்டரியில் அடைத்தால் எடை எவ்வளவு வரும்? மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். சுமார் 25 டன்! பேட்டரியை மட்டும் ஏற்றிக்கொண்டு பேட்டரியைத் தூத்துக்குடியில் இறக்கிவிட்டு வரலாம்!

ஆனால் டீசல் இன்ஜின் ஒரு ஊதாரி. உள்ளே போகும் ஆற்றலில் பாதிக்கு மேல் சூடாகவும் புகையாகவும் போய்விடும். மின்மோட்டாரோ கொடுத்ததில் 90 சதவீதத்தை ஒட்டிச் சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்! அதனால்தான் பிரைமாவுக்கு 350 கிலோமீட்டர் ஓட 453 யூனிட் பேட்டரியே போதுமாகிறது. நிறுவனத்தின் கணக்குப்படி கிலோமீட்டருக்கு 1.3 யூனிட்! 55 டன்னை இழுக்க இவ்வளவுதானா என்று வாய் பிளக்கிறதல்லவா?

★

ஒரே சார்ஜில் சென்னையிலிருந்து கன்னியாகுமரி போக முடியுமா? அந்தத் தூரத்தை அமெரிக்காவில் ஓட்டியே காட்டிவிட்டார்கள்! 2022ல் டெஸ்லாவின் செமி லாரி, மொத்தம் 36 டன்னுக்கு மேல் எடையோடு, நடுவில் சார்ஜ் ஏற்றாமல் 800 கிலோமீட்டர் ஓடியது. நமக்குக் குமரிமுனையே 700 கிலோமீட்டர்தான்!

இன்னும் கேளுங்கள். 2021ல் ஜெர்மனியில் ஒரு சோதனைத் தடத்தில் 680 யூனிட் பேட்டரி லாரி ஒன்று 23 மணி நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. 392 சுற்று! 1,099 கிலோமீட்டர்! கின்னஸ் சாதனை! ஓட்டியவர்களுக்குத் தலை சுற்றியதா என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

மெர்சிடிஸின் ஈஆக்ட்ராஸ் 600 பந்தயத் தடமெல்லாம் கேட்கவில்லை. 2024ல் 22 ஐரோப்பிய நாடுகளை ஒரு வலம் வந்தது. 15,000 கிலோமீட்டர்!

★

சார்ஜ் ஏற எவ்வளவு நேரம் ஆகும்? இங்கேதான் சங்கடம். 240 கிலோவாட் சார்ஜரில் 453 யூனிட் ஏற்ற கிட்டத்தட்ட 2 மணி நேரம்! டீசல் பங்கில் அதற்குள் எத்தனை டாரஸ் வண்டி வந்து போயிருக்கும்!

சீனாவில் பல இடங்களில் சார்ஜுக்குக் காத்திருப்பதே இல்லை. பேட்டரியையே கழற்றி, வேறு பேட்டரியை மாட்டி அனுப்பிவிடுகிறார்கள். சுமார் 5 நிமிஷம்! டிரைவர் டீ குடிப்பதற்குள் வண்டி தயார்! 2025ல் அங்கே விற்ற கனரக லாரிகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் மின்சார லாரி என்றால் நம்புவீர்களா?

லாரிக்கென்றே வந்திருக்கும் மெகாவாட் சார்ஜர் இருக்கிறதே, அது ராட்சசன்! உச்சபட்சம் 3,000 ஆம்பியர், 1,250 வோல்ட். மொத்தம் 3.75 மெகாவாட்! வீட்டுக்கு 2 கிலோவாட் என்று வைத்தால் 1,875 வீடுகளுக்கான மின்சாரம் ஒரே லாரிக்குள் பாய்கிறது! விக்கிரவாண்டியில் இப்படி நாலு வைத்தால், அதற்கென்றே துணை மின்நிலையம் வேண்டாமா?

★

சட்டம் என்ன சொன்னது தெரியுமா? 2025 வரை அமலில் இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டப்படி, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. அரை மணி நேரமாவது ஓய்வு தரவேண்டும் என்று இருந்தது! மணிக்கு 45 கிலோமீட்டர் வேகம் என்றால் 5 மணி நேரத்தில் எவ்வளவு? 225 கிலோமீட்டர்! ஆக, பேட்டரி தீரும் முன்பே டிரைவருக்கு ஓய்வு வந்துவிடுகிறது! சட்டத்தை யார் மதித்தார்கள் என்று கேட்காதீர்கள். ஆனால் அப்படி ஓய்வு தந்தால் அந்த நேரத்திலேயே சார்ஜ் பிரச்சினையில் ஒரு பங்கு தீர்ந்துவிடும்!

★

செலவு? லிட்டருக்கு 3 கிலோமீட்டர் தரும் டீசல் லாரிக்கு, டீசல் 92 ரூபாய் என்றால், கிலோமீட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல். மின்சாரம் யூனிட் 10 ரூபாய்க்குக் கிடைத்தால் 13 ரூபாய்! பாதிகூட இல்லை!

அப்புறம் ஏன் எல்லோரும் வாங்கவில்லை? வண்டி விலையைக் கேட்டீர்களா? டீசல் லாரியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்! ஒன்றிரண்டு வண்டியை வைத்துக்கொண்டு மாதத் தவணை கட்டுகிறவர் எங்கே போவார்? 'பிஎம் இ-டிரைவ்' திட்டத்தில் ஒன்றிய அரசு ஒரு லாரிக்கு அதிகபட்சம் 9.6 லட்சம் ரூபாய் தருகிறது. எத்தனை லாரிக்கு? நாடு முழுவதுக்கும் சேர்த்துச் சுமார் 5,600! அதுவும் பழைய லாரி ஒன்றை உடைத்ததற்குச் சான்றிதழ் கொடுத்தால்தான்!

என்னைக் கேட்டால், முதலில் மாறப்போவது தூத்துக்குடிக்கு ஓடும் வண்டி அல்ல. சென்னைக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் தினமும் போய்வரும் வண்டிதான். அதே ரோடு, அதே லோடு, இரவில் அதே ஷெட்!

★

பச்சை நம்பர் பலகையில் மஞ்சள் எழுத்து பார்த்திருக்கிறீர்களா? அதுதான் வாடகைக்கு ஓடும் மின்சார வண்டி! வெள்ளை எழுத்து என்றால் சொந்த வண்டி. இன்னொன்று தெரியுமா? பேட்டரியில் ஓடும் சரக்கு வண்டிக்கு 2018லிருந்து பெர்மிட்டே தேவையில்லை!

★

சார்ஜே ஏற்றாமல் ஓடும் மின்சார லாரி உண்டா? உண்டு! சுவிட்சர்லாந்தில் ஒரு கல்குவாரியில்! 45 டன் வண்டி காலியாக மலை ஏறும். மேலே 65 டன் கல்லை வாங்கிக்கொண்டு இறங்கும். இறங்கும்போது பிரேக் பிடிக்கப் பிடிக்க மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, பேட்டரியை நிரப்பிவிடும். ஏறச் செலவானதைவிட இறங்கும்போது கிடைப்பது அதிகம்! நாளைக்குச் சுமார் 200 யூனிட் மிச்சம்!

நம் விழுப்புரம் மாவட்டத்திலும் திருவக்கரைப் பக்கம் கருங்கல் ஜல்லி குவாரிகள் இருக்கின்றனவே, அங்கே ஓட்டிப் பார்க்கலாமா? எல்லாமே தலைகீழ்! பள்ளத்துக்குள் காலியாக இறங்கி, லோடோடு மேலே ஏறவேண்டும்! சுவிஸ்காரர் வித்தை வானூர் தாலுகாவில் பலிக்காது!