வேக்ரன்ட் அமைவுகளின் முன்னுரிமை

வேக்ரன்ட் என்பது மெய்நிகர் இயந்திரங்களை உருவாக்கி இயக்க உதவும் மென்பொருள் ஆகும். மிட்செல் ஹாஷிமோட்டோ இதனை 2010-இல் வெளியிட்டார். நினைவக அளவு, பிணையம் முதலிய அமைவுகள் ரூபி மொழியில் அமைந்த வேக்ரன்ட்ஃபைல் என்னும் கோப்பில் எழுதப்படுகின்றன.

இக்கோப்பு பல இடங்களில் இருக்கலாம். அமைவுகள் பின்வரும் வரிசையில் படிக்கப்படுகின்றன:

1. பாக்ஸ் எனப்படும் மூலப் படிமத்துடன் வரும் கோப்பு
2. பயனரின் வேக்ரன்ட் முகப்பு அடைவில் உள்ள கோப்பு
3. செயல்திட்ட அடைவில் உள்ள கோப்பு
4. பல இயந்திரங்கள் இருப்பின், ஒவ்வொன்றுக்குமான தனி அமைவு
5. வர்ச்சுவல்பாக்ஸ் போன்ற குறிப்பிட்ட மெய்நிகராக்க மென்பொருளுக்கான மாற்று அமைவு

பொதுவாக, பின்னர் படிக்கப்படும் மதிப்பே செல்லுபடியாகும். முகப்பு அடைவில் நினைவகம் 1024 மெகாபைட் என்றும் செயல்திட்டத்தில் 2048 என்றும் இருந்தால், இயந்திரம் 2048 மெகாபைட்டுடன் இயங்கும். செயல்திட்டத்தில் அளவு குறிப்பிடப்படாவிட்டால் 1024 நிலைக்கும். இதனால் ஒரே செயல்திட்டம் இருவரின் கணினிகளில் வெவ்வேறாக இயங்கக்கூடும். குழுவினர் அனைவருக்கும் பொதுவான மதிப்புகளைச் செயல்திட்டக் கோப்பிலேயே எழுதுவது இதைத் தவிர்க்கும்.

பிணைய அமைவுகள் இவ்விதிக்கு விலக்கு. அவை ஒன்றையொன்று நீக்குவதில்லை, ஒன்றாகச் சேர்க்கப்படுகின்றன. முகப்பு அடைவில் ஒரு தனிப் பிணையமும் செயல்திட்டத்தில் மற்றொன்றும் இருந்தால், இயந்திரத்தில் இரண்டும் அமையும்.