விசையும் எழுத்தும்

யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியைச் சேர்ந்த ஆர். முத்தையா அமைத்த தமிழ்த் தட்டச்சுப் பொறியில், விசையை அழுத்தியவுடன் அதனோடு பிணைந்த அச்செழுத்தே எழுந்து தாளிற் பதியும். கணினியின் விசைப்பலகையோ அத்தகையதன்று. அது கணினிக்கு அனுப்புவது எழுத்தன்று, விசையின் எண்ணேயாம். இவ்வேறுபாட்டை அறிந்தார்க்கு, ஊவாத் தோட்டப் பாடசாலையொன்றிற் சிறு செலவிற் செய்தற்குரிய பயனுள்ள கருவியொன்று உண்டு.

யூ.எஸ்.பி. வடத்தின்வழி இணைக்கப்பட்ட கருவி தானாக முந்திப் பேசுவதில்லை. கணினி 'நீ யாவை?' என முதற்கண் வினவும். கருவி 'யான் விசைப்பலகை' என விடையிறுக்கும். பின்னரும் 'செய்தியுண்டோ?' எனக் கணினி இடையறாது வினவிய வண்ணமிருக்கும். எளிய விசைப்பலகையின் செய்தி 8 பைற்று அளவினது. முதலாவது, சிஃப்ட் முதலிய துணைவிசைகளைக் குறிக்கும், இரண்டாவது வெற்றிடம், எஞ்சிய 6உம் அழுத்தப்பட்ட விசைகளின் எண்கள். விரலை எடுத்ததும் அவ்வெண் நீங்கிய செய்தியொன்று செல்லுதல் வேண்டும். செல்லாதொழியின் ஒரே எழுத்து வரிவரியாகப் பெருகும். சுட்டியோ தான் நிற்கும் இடத்தைக் கூறாது. அசைந்த தூரத்தையே கூறும்.

'யான் விசைப்பலகை' என்ற கூற்றைக் கணினி ஐயுறுவதில்லை. நினைவகக் குச்சியும் அவ்வாறு பொய்யுரைத்துக் கட்டளைகளைத் தானே தட்டெழுதக்கூடும் என்பதை 2014இல் கார்ஸ்டென் நோல், யாக்கோப் லெல் என்னும் ஆய்வாளர் இருவர் காட்டினர். அயலார் தந்த குச்சியைப் பாடசாலைக் கணினியிற் செருகுவோர் இதனை எண்ணுவது அரிது!

அந்நம்பிக்கையே நற்பயனுக்கும் வாயிலாகின்றது. 2012இல் வெளிவந்த ஆர்டுயினோ லியனார்டோ என்னும் சிறு பலகையின் சில்லு, விசைப்பலகையாகவோ சுட்டியாகவோ தன்னை அறிவிக்கவல்லது. யூனோ பலகையின் பழைய வகைகளின் முதன்மைச் சில்லுக்கு அவ்வாற்றல் இல்லை, வாங்குவோர் கவனிக்க. பசறையிலோ லுணுகலையிலோ விரல்கள் வழங்காத மாணவன் ஒருவன் உளனாயின், உள்ளங்கையால் அழுத்தத்தக்க பெரிய ஆளிகள் இரண்டைப் பலகையோடு இணைக்கலாம். ஒன்று ராப் விசைக்குரிய 43ஐயும், மற்றையது என்ரர் விசைக்குரிய 40ஐயும் அனுப்புமாறு நிரல் எழுதினால், முன்னதால் ஒரு தெரிவிலிருந்து அடுத்ததற்குச் சென்று, பின்னதால் வேண்டியதை அவன் ஏற்கலாம். கணினியிற் புதிய மென்பொருள் எதுவும் வேண்டா.

தமிழ் எழுதப் புகுங்காலே இடர் தோன்றும். ஆங்கில ஜே எழுத்துக்குரிய விசையின் எண் 13. பழைய தட்டச்சு ஒழுங்கைத் தழுவியதும் இலங்கையிற் பெருவழக்குடையதுமான பாமினி எழுத்துருவில் அது த ஆகும். தமிழ்நாட்டரசு 1999இல் ஏற்ற தமிழ்99 முறையிற் ப ஆகும். பாமினியிலே 'தமிழ்' எனும் சொல்லைத் தரும் அதே 5 விசைகள், தமிழ்99இல் 'பம' எனத் தொடங்கும் பொருளற்ற கோவையைத் தரும். பலகையின் நிரலில் 'த' என எழுதிவைத்தலாலும் பயனில்லை. அவ்வெழுத்துக்குத் தனியெண் அங்கு இல்லை. ஆகவே, சொற்களைத் தட்டும் பலகையை ஆக்குவோர், அது இணையும் கணினியின் விசையொழுங்கை முன்னரே அறிந்து எண்களை வகுத்தல் வேண்டும். மேற்கூறிய ஈராளிக் கருவிக்கு இவ்விடர் இல்லை. ராப், என்ரர் ஆகியவற்றின் பணி தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒன்றே.