இன்ஜினைத் திறக்கச் சொல்வதற்கு முன்

காரில் சூப்பர்சார்ஜர் பொருத்தியவர்களும் டர்போவின் பூஸ்ட்டை ஏற்ற நினைப்பவர்களும் பட்டறையில் இந்த இரண்டில் ஒன்றைக் கேட்டிருப்பார்கள். “உள்ளே எதையும் தொட வேணாம் சார், மேப் மட்டும் மாத்திக்கலாம், தாங்கும்.” இல்லையென்றால், “போர்ஜ்டு பிஸ்டன், ராடு போட்டுட்டா அப்புறம் கவலையே இல்ல சார்.” இரண்டுமே சில வண்டிகளுக்கு உண்மைதான். ஆனால் இரண்டு பேச்சிலும் ஓர் எண்கூட இருப்பதில்லை. எவ்வளவு பூஸ்ட், எவ்வளவு டார்க், எந்தப் பெட்ரோல், உடைந்தால் யார் பொறுப்பு என்று எதுவும் தாளில் ஏறாமலே பெரும் பணம் கைமாறிவிடுகிறது.

சூப்பர்சார்ஜர் என்பது கிராங்கிலிருந்து பெல்ட் போட்டு ஓட்டும் காற்றுப் பம்பு. டர்போ அதே வேலையை வெளியேறும் புகையின் வேகத்தில் செய்கிறது. கடல்மட்டத்தில் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 14.7 பி.எஸ்.ஐ. அதற்கு மேல் 7 பி.எஸ்.ஐ. பூஸ்ட் ஏற்றினால், சூட்டில் போகும் இழப்பை விட்டுவிட்டுப் பார்த்தால், கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு காற்று சிலிண்டருக்குள் போகும். கூடவே அதற்கேற்ற பெட்ரோலும் போகும். எரியும்போது எழும் அந்தக் கூடுதல் அழுத்தத்தைப் பிஸ்டன், ரிங், கனெக்டிங் ராடு, ஹெட் கேஸ்கெட், பேரிங் எல்லாம் சேர்ந்து தாங்க வேண்டும்.

உள்பாகங்களைக் கெடுக்கும் சுமை இரண்டு வகை. பலரும் இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள். டார்க் ஏறினால் சிலிண்டர் அழுத்தம் ஏறும். குறைந்த ஆர்.பி.எம்.மில் திடீரென்று பெரிய டார்க் வந்தால் ராடு வளைவது இதனால்தான். ஆர்.பி.எம். ஏறினால் வேறு கதை. மேலும் கீழும் ஓடும் பிஸ்டனின் எடை ராடையும் அதன் போல்ட்டையும் இழுக்கும். இந்த இழுவை வேகத்தின் இருமடியில் வளரும். 6,000-இல் இருந்த ரெட்லைனை 7,000 ஆக்கினால் வேகம் கூடுவது 17 சதவீதம், இழுவை கூடுவது 36 சதவீதம். எனவே “எத்தனை குதிரைத்திறன் தாங்கும்?” என்ற கேள்வி பாதிக் கேள்விதான். எந்த ஆர்.பி.எம்.மில் எவ்வளவு டார்க் என்று டைனோ (இன்ஜின் திறனை அளக்கும் கருவி) வரைபடத்தைக் காட்டிக் கேட்க வேண்டும்.

கார் நிறுவனங்களே இதை எப்படி முடிவு செய்கின்றன என்பதற்கு ஜெனரல் மோட்டார்ஸ் நல்ல சான்று. ஏறக்குறைய ஒரே காலத்தில் அந்த நிறுவனம் 6.2 லிட்டர் வி8 இன்ஜினை இரண்டு விதமாக சூப்பர்சார்ஜருடன் விற்றது. கேடிலாக் சி.டி.எஸ்-வி காரில் இருந்த எல்.எஸ்.ஏ. 556 குதிரைத்திறன் கொடுத்தது. அதில் இருந்தவை வார்ப்புப் பிஸ்டன்களும் உலோகத் தூளை அழுத்திச் செய்த ராடுகளும். கார்வெட் இசட்.ஆர்.1-இல் வந்த எல்.எஸ்.9 கொடுத்தது 638 குதிரைத்திறன். அதில் போர்ஜ்டு, அதாவது அடித்து உருவாக்கிய, பிஸ்டன்களும் டைட்டானியம் ராடுகளும் போட்டார்கள். சூப்பர்சார்ஜர் இருக்கிறது என்பதற்காக மட்டும் அவர்கள் உள்பாகங்களை மாற்றவில்லை. இலக்கு உயர்ந்ததும் மாற்றினார்கள். நம் பட்டறைகளும் இதே வரிசையில்தான் போக வேண்டும்: முதலில் இலக்கு, அப்புறம் பாகம்.

போர்ஜ்டு பிஸ்டன் என்றால் எல்லாவற்றுக்கும் மருந்து என்ற நினைப்பும் பரவியிருக்கிறது. வலிமை கூடுதல் என்பது மெய். அதற்கு ஒரு விலையும் உண்டு. போர்ஜ்டு பிஸ்டனுக்குப் பரவலாகப் பயன்படும் 2618 அலுமினியக் கலவையில் சிலிக்கான் மிகக் குறைவு. அதனால் சூட்டில் அதிகம் விரியும். விரிவதற்கு இடம் விட்டு, சுவருக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் கூடுதல் இடைவெளியோடு பொருத்த வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சூடேறும் வரை ‘டக் டக்’ என்று தட்டும். ஆயிலும் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கலாம். சிலிக்கான் அதிகமுள்ள 4032 கலவையில் இந்தத் தொல்லை குறைவு, வலிமையும் சற்றுக் குறைவு. தினமும் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு அலுவலகம் போகும் காருக்கு எது பொருந்தும் என்பதை இலக்கைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பூஸ்ட் ஏற்றிய இன்ஜினைப் பெரும்பாலும் கொல்வது நாக்கிங். பிளக் பற்றவைத்த தீ ஒழுங்காகப் பரவி முடிவதற்குள், மீதிக் கலவை தானாகவே வெடிக்கிறது. சுத்தியலால் அடித்ததுபோல அந்த அடி பிஸ்டனின் மேல் விழும். ரிங்குகளுக்கு நடுவிலுள்ள மெல்லிய வரம்பு உடையும். போர்ஜ்டு பிஸ்டன் நாக்கிங்கை நிறுத்தாது. அடிவாங்கித் தாங்கும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டும், அவ்வளவுதான். நாக்கிங்கைத் தடுப்பவை சரியான மேப் (எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று இன்ஜின் கணினிக்குச் சொல்லும் மென்பொருள்), குளிர்ந்த காற்று, தகுந்த ஆக்டேன்.

மே மாதத்தில் வேலூரிலும் திருச்சியிலும் வெப்பம் 40 டிகிரியைத் தொடும்போது இன்டர்கூலரால் அந்தச் சூட்டுக்குக் கீழே காற்றைக் குளிர்விக்க முடியாது. குளிர்நாட்டில் எழுதி விற்கப்படும் மேப்பை அப்படியே ஏற்றிக்கொள்வது இங்கே ஆபத்து. பெட்ரோலும் அப்படித்தான். சாதாரண பெட்ரோலுக்கு நம் நாட்டில் பல ஆண்டுகளாக வரையறுத்திருந்த குறைந்தபட்ச ஆக்டேன் 91. நகரத்தில் 95-உம் 100-உம் கிடைக்கின்றன. நள்ளிரவில் நெடுஞ்சாலைப் பங்க்கில் சாதாரண பெட்ரோல்தான் இருக்கிறது என்றால் 100-க்காக எழுதிய மேப் என்ன செய்யும் என்று ட்யூனரிடம் கேளுங்கள். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலையும் சேர்த்துக் கேளுங்கள். எத்தனால் ஆக்டேனை உயர்த்தும். ஆனால் சுத்தமான பெட்ரோல் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கு போதும். அதே காற்றுக்கு இன்ஜெக்டரும் பம்பும் கூடுதல் எரிபொருள் ஊற்றியாக வேண்டும். இன்ஜெக்டரின் திறன் எல்லையில் ஓடும் வண்டியில் கலவை வறண்டுபோகும், நாக்கிங் வரும்.

இன்ஜினைப் பலமாக்கிவிட்டு கியர்பாக்ஸை மறப்பவர்களும் உண்டு. இந்தியாவில் பல ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா கார்களில் உள்ள ஏழு வேக உலர் கிளட்ச் டி.எஸ்.ஜி.க்கு வரையறுத்த டார்க் 250 நியூட்டன் மீட்டர். 400 தாங்கும் ராடு போட்டாலும் நடுவில் இந்த 250 நிற்கிறது.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். சாலையில் ஓட்டும் கார், நிறுவனம் கொடுத்த டார்க்குக்கு மேல் மிதமான ஏற்றம், அதே ரெட்லைன், ஆரோக்கியமான இன்ஜின் என்றால் உள்ளே கைவைக்க வேண்டாம். அந்தப் பணத்தை இன்டர்கூலர், நல்ல ஆயில், பிரேக், இங்கேயே டைனோவில் வைத்துச் செய்யும் நிதானமான மேப் ஆகியவற்றில் போடுங்கள். கம்ப்ரெஷன் டெஸ்ட்டும் லீக்-டவுன் டெஸ்ட்டும் செய்து, எல்லா சிலிண்டரும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்த இன்ஜினுக்குத் தேவை பழுதுபார்ப்பு, பூஸ்ட் அல்ல. உள்பாகங்களை மாற்றியே ஆக வேண்டிய அளவுக்கு இலக்கு உயர்ந்தால், அது பந்தயத் தடத்துக்கான வண்டி. இருங்காட்டுக்கோட்டை, கோவை செட்டிபாளையம் பந்தயத் தடங்களுக்கு ட்ரெய்லரில் ஏற்றிப் போகிற வண்டியாக அதைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிச் சொல்வதற்கு இயந்திரம் மட்டும் காரணமில்லை, சட்டமும் காரணம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரி 9-இல், கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். தண்டனை உரிமையாளருக்கு என்பதைக் கவனியுங்கள். சி.என்.ஜி. போன்ற வேறு எரிபொருளுக்கு அங்கீகரித்த கிட் கொண்டு மாற்ற இதே சட்டம் வழிவிட்டிருக்கிறது. வேகத்துக்காக மாற்ற அப்படியொரு வழி இல்லை.

ஆர்.சி.யில் சிசி எழுதியிருக்கும். 74.5 மில்லிமீட்டர் போர், 76.4 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் கொண்ட மூன்று சிலிண்டர் இன்ஜின் 999 சிசி. லேத் பட்டறையில் அரை மில்லிமீட்டர் மட்டும் போரைப் பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் அது 1,013 சிசி ஆகிவிடும். தேய்ந்த சிலிண்டரை ரீபோர் செய்வது காலங்காலமான பழுதுபார்ப்புதான். ஆனால் திறனை ஏற்றுவதற்காகச் செய்யும்போது, தாளும் இன்ஜினும் இரண்டு எண் சொல்லும் என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். புகையும் சத்தமும் அளவை மீறினால் 190(2) பிரிவு தனியாக இருக்கிறது: 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும், கூடவே லைசென்ஸுக்கு மூன்று மாதத் தடை.

இன்சூரன்ஸில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. இந்தியாவில் வழக்கமான கார் பாலிசி, விபத்தில்லாமல் வரும் இயந்திரக் கோளாறை எப்போதுமே ஏற்பதில்லை. ராடு உடைந்து பிளாக்கில் ஓட்டை விழுந்தால், மாற்றம் செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும் அந்தச் செலவு உங்களுடையது. பந்தயத்தில் வந்த சேதமும் பாலிசிக்கு வெளியே. விபத்து நடந்தால்தான் மாற்றத்தை மறைத்தது கேள்வியாகும். சொந்தச் சேதத்துக்கான கிளெய்மை நிறுவனம் அதைக் காட்டி மறுக்கலாம். எனவே வண்டியில் செய்த எதையும் பாலிசி புதுப்பிக்கும் முன்னரே எழுத்தில் தெரிவியுங்கள். தொடர்பே இல்லாத காரணத்துக்கு மாற்றத்தைச் சாக்காக்கி மறுத்தால் விட்டுவிட வேண்டாம். பின்னால் வந்த லாரி இடித்து டிக்கி நசுங்கியதற்கும் பிஸ்டனுக்கும் என்ன தொடர்பு என்று எழுதிக் கேளுங்கள். நிறுவனத்திடம் முறையிட்டும் தீராவிட்டால், மறுப்புக் கிடைத்த ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அங்கே கட்டணமின்றி விசாரிக்கிறார்கள்.

வாரண்டி மாற்றம் செய்த நாளிலேயே கேள்விக்குரியதாகிவிடும். பழைய மேப்பைத் திரும்ப ஏற்றிவிட்டால் தெரியாது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். எத்தனை முறை மென்பொருள் ஏற்றப்பட்டது என்பதை இன்ஜின் கணினியான இ.சி.யு. பல வண்டிகளில் எண்ணி வைத்திருக்கிறது. ஃபோக்ஸ்வேகன் குழுமம் மாற்றிய மென்பொருளைக் கண்டால் அந்த வண்டியின் பதிவிலேயே டி.டி.1 என்று குறித்துவிடுகிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 87-ஆவது பிரிவும், மாற்றம் செய்த பொருளால் தீங்கு நேர்ந்தால் விற்றவர் மீது பொருள் பொறுப்பு வழக்குத் தொடுக்க முடியாது என்கிறது.

அப்படியென்றால் மாற்றம் செய்தவருக்கு உரிமையே இல்லையா? இருக்கிறது, வேலை செய்த பட்டறையிடம். காசு வாங்கிக்கொண்டு செய்த வேலையில் குறை இருந்தால் அது சேவைக் குறைபாடு. ரிங்கின் முனை இடைவெளியைப் பூஸ்ட்டுக்கு ஏற்ப விடாமல் பொருத்தியதால் முனைகள் முட்டிப் பிஸ்டன் உடைந்தது என்றால் பதில் சொல்ல வேண்டியவர் பொருத்தியவர். சாலையில் ஓட்ட அனுமதியில்லாத மாற்றம் என்று எதிர்த்தரப்பு வாதிடும். அந்த வாதம் உங்கள் வழக்கைப் பலவீனமாக்கும். தடத்துக்கான வண்டி என்பதை முதல் நாளே எழுதி வைத்திருந்தால் அந்த வாதத்துக்கு இடம் குறையும்.

வேலை தொடங்கும் முன் எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். இலக்கு டார்க், பூஸ்ட், பெட்ரோல், ரெட்லைன் அதில் இருக்கட்டும். முடிந்ததும் ஜி.எஸ்.டி. பில், பாகத்தின் பிராண்டும் எண்ணும் அதில் இருக்கட்டும். பிஸ்டன் இடைவெளி, ரிங் இடைவெளி, பேரிங் இடைவெளி, போல்ட் முறுக்கிய அளவு ஆகியவற்றை எழுதிய தாளைக் கேளுங்கள். நல்ல இன்ஜின் மெக்கானிக் இவற்றை எப்படியும் அளந்து குறித்து வைத்திருப்பார். கேட்டால் சந்தோஷமாகத் தருவார். கழற்றிய பழைய பாகங்கள் உங்களுடையவை, வாங்கிக்கொள்ளுங்கள். டைனோ வரைபடத்தோடு காற்று-எரிபொருள் விகிதம், நாக்கிங் பதிவு இரண்டும் சேர்ந்த லாகையும் வாங்குங்கள்.

இன்ஜின் உடைந்துவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். அதே பட்டறை உங்கள் கண்ணில் படாமல் பிரித்துவிட விடாதீர்கள். உங்கள் முன்னிலையில், வேறொரு பொறியாளர் பார்க்க, படம் எடுத்துக்கொண்டே பிரியுங்கள். ஆயில், ஃபில்டர், உடைந்த துண்டு எதையும் குப்பையில் போடவிடாதீர்கள். வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள். பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றோடு அதைச் சாட்சியமாகத் தரலாம். பிறகு பட்டறைக்கு நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள், அல்லது இ-ஜாக்ரிதி தளம் வழியாக மாவட்ட ஆணையத்தில் மனு போடுங்கள். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. பட்டறை வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். குறையைக் கண்டறியப் பரிசோதனை தேவைப்பட்டால் பாகத்தை ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட்டுவிட வேண்டும்.