பனி வாரும் இயந்திரம் படுத்துக்கொண்டால்...

முப்பது வருடம் டில்லிக் குளிரைப் பார்த்தவனுக்குப் பனி ஒரு பொருட்டா என்ற மிதப்பில்தான் டொராண்டோவில் மகள் வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை வெளியூர் போயிருந்த ராத்திரி முழங்கால் அளவு பனி கொட்டித் தீர்த்தது. மகளுக்குக் காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி டியூட்டி. கார் நகர வழியில்லை.

மண்வாரியை எடுத்தேன், மனைவி பிடுங்கிக்கொண்டாள். எனக்கு ஆஞ்சியோபிளாஸ்டி ஆகியிருக்கிறது. குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கியிருக்க, பனி அள்ளுவது இதயத்துக்கு இரட்டைச் சுமை. அங்கே குளிர்காலத்தில் பலருக்கு மாரடைப்பு வருவது இப்படித்தான்.

சரி, பேட்டரியில் ஓடும் ஸ்னோ ப்ளோயர் இருக்கிறதே என்று கிளப்பினேன். பத்தடி போய் நின்றுவிட்டது. பேட்டரியைச் சார்ஜரில் மாட்டினால் சிவப்பு விளக்கு! 'இயந்திரம் போச்சு' என்றே நினைத்தேன்.

போகவில்லை. ராத்திரி முழுக்க கராஜில் கிடந்து பேட்டரி விறைத்திருந்தது, அவ்வளவுதான். லித்தியம் பேட்டரிக்குள் நடக்கும் ரசாயன வேலை கடுங்குளிரில் மந்தமாகிவிடும். சார்ஜ் இருந்தும் இல்லாதது போல் காட்டும். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரியே கெட்டுவிடும். சார்ஜர் மறுத்தது நம் நன்மைக்குத்தான். ஹீட்டர் மேல் வைத்துச் சூடாக்கும் நம்மூர் சாமர்த்தியம் மட்டும் வேண்டாம். கூடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சும்மா வைத்திருந்து, முனைகளை உலர்ந்த துணியால் துடைத்து மாட்டினேன். ஓடிற்று.

தெரு ஓரத்தில் மறுபடி நின்றது. நகராட்சி வண்டி தெருவை வழிக்கும்போது வாசலில் ஒரு பனிக்கரையைக் கட்டிவிட்டுப் போகும். அது பஞ்சுப் பனியல்ல, ஈரமும் கட்டியும் கலந்தது. பல மடங்கு கனம். பாரம் தாங்காமல் மோட்டார் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. லீவரை விட்டு, சற்று ஆறவிட்டு, பாதி அகலமாக மெல்ல மெல்லச் சீவ வேண்டும்.

மோட்டார் சுற்றுகிறது, பனி மட்டும் வெளியே விழவில்லை என்றால் குழாய் அடைத்திருக்கும். இங்கேதான் விரல் போகும். முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். பாதுகாப்புச் சாவி இருந்தால் அதையும். பிறகு குச்சியால் குத்துங்கள். கை கூடவே கூடாது. குழாயின் உட்புறம் சிலிகான் ஸ்ப்ரே அடித்து வைத்தால் பனி ஒட்டாது.

இன்னொன்று: பொத்தானை அழுத்திக்கொண்டே லீவரை இழுத்தால்தான் பல இயந்திரங்கள் கிளம்பும். இதற்கே மெக்கானிக்கைத் தேடுகிறவர்கள் உண்டு!

மகள் அரை மணி தாமதமாகக் கிளம்பினாள். ஊரிலிருந்து வந்த மாப்பிள்ளை முதல் வேலையாகப் பேட்டரியை வீட்டுக்குள் குடியேற்றினார். கோடைக்குப் பாதி சார்ஜில் வைத்தால் போதுமாம். இப்போது அது கொலுப் பொம்மைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது.